அகராதிக்குள் ஒரு பொறி

ஒரு சொல் தன் பிறப்பைப் பற்றி அழகான கதையோடு வந்தால், அதை நான் வாசலிலேயே நிறுத்தி வைத்து விசாரிப்பேன். கதை எவ்வளவு அழகோ, விசாரணையும் அவ்வளவு கடுமை. என் கணவர் இதைப் பிறவிக் குணம் என்பார். லண்டனில் அகராதி வேலை பார்த்த எவருக்கும் இது வந்தே தீரும் என்பது என் கட்சி.

போன மாதம் என் சிநேகிதியின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளும் இப்போது ஒரு அகராதி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். எல்லாம் கணினியிலேயே நடக்கிறதாம். "ஆன்ரி, அந்தக் காலத்தில அகராதிக்குள்ள வேணுமெண்டே பொய்ச் சொல் வைப்பினமாம். மெய்யே?" என்று கேட்டாள். "மெய்தான்" என்று சொல்லிவிட்டு, அவளுடைய கல்யாணப் பேச்சு எந்தளவில் நிற்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். அவளும் விடவில்லை, நானும் பிடி கொடுக்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு, இதை யாருக்காவது சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது.

நான் கொழும்பில் பிரெஞ்சு படித்தவள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு எதற்குப் பிரெஞ்சு என்று கேட்காத உறவினர் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டன் வந்தோம். கணவருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை, ஹவுன்ஸ்லோவில் வாடகை அறை. ஹோபன் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய அகராதிப் பதிப்பகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. முதல் வருடங்கள் அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவதிலும், அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்குவதிலும் போயின. பிறகு, ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து எடுத்த சொற்களுக்கென்று தனி அகராதி ஒன்று தொடங்கினார்கள். அதில் என்னைச் சரிபார்ப்பவளாகப் போட்டார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் லாங்டன். உயரமான மனிதர், கோடையிலும் கம்பளிச் சட்டைதான். யாரையும் நம்ப மாட்டார். சாயங்காலம் அலமாரியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மாடிப்படி வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். ஒரு அட்டை பிழை என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "யார் சொன்னது?" என்று பென்சிலால் சின்னதாக எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து அழுத பெண்பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. அச்சொல் எழுத்தில் முதலில் தென்பட்ட இடம் மேலே வர வேண்டும். எழுதியவர் பாதிரியாரா, வழக்கறிஞரா, வியாபாரியா என்பது அதற்குக் கீழே. பிறகு பிரெஞ்சு வடிவம். அது நோர்மண்டிப் பக்கத்துப் பிரெஞ்சா, பாரிஸ் பிரெஞ்சா என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒரே சொல் முதலில் நோர்மண்டியிலிருந்தும், பிறகு பாரிஸிலிருந்தும் இரண்டு முறை வந்து, ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாகக் குடியிருப்பது உண்டு. காப்பவர் என்று பொருள்படும் வார்டன், கார்டியன் இரண்டும் அப்படித்தான். சொல்லைப் பற்றிய கதை ஏதாவது இருந்தால் அட்டையின் பின்பக்கம், அதுவும் பென்சிலில். அழிக்க வசதியாக இருக்கட்டும் என்பார் லாங்டன்.

மாட்டுக்கு ஆங்கிலப் பெயர், மாட்டிறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர். மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் பிரான்சிலிருந்து வந்து அவனை ஆண்ட நோர்மன்காரன். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நானும் நம்பி எழுதினேன். அட்டை திரும்பி வந்தது. சாட்சி தேடிப் போனபோது பிடிபட்டது: 'பீஃப்' என்ற சொல்லை ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் உயிருள்ள மாட்டுக்கும் சொல்லியிருக்கிறார்கள். தொழுவத்துக்கு ஒன்று, சாப்பாட்டு மேசைக்கு ஒன்று என்று சுத்தமாகப் பங்கு பிரிந்தது மிகவும் பிந்தி. கதை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரோ அதைத் தேய்த்து மினுக்கியிருக்கிறார்கள்.

என்னை அதைவிட உலுக்கியது இன்னொன்று. நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த கையோடு பிரெஞ்சுச் சொற்கள் கொட்டவில்லை. அவர்கள் தங்கள் நோர்மண்டியைப் பிரெஞ்சு அரசனிடம் இழந்து, இங்கேயே தங்கி, அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டில் ஆங்கிலம் பேசத் தொடங்கிய காலத்தில்தான் கூட்டங்கூட்டமாக வந்தன. தங்கள் மொழியை விட்டவர்கள், போகிற போக்கில் கையில் அகப்பட்டதை ஆங்கிலத்துக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். லண்டனில் எங்கள் பிள்ளைகள் முழுக்க முழுக்க ஆங்கிலம் பேசி, நடுவில் அக்கா, மாமா, அம்மம்மா என்பதை மட்டும் விடாமல் வைத்திருப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

எண்பதுகளின் பிற்பகுதியில், அட்டைகளைக் கணினியில் ஏற்ற ஆள் தேவைப்பட்டது. நான் குணரத்தினத்தைக் கொண்டுவந்து விட்டேன். குணம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஊரில் அரசாங்க அலுவலகத்தில் ஆங்கில ரைப்பிஸ்டாக இருந்தவர். அகதியாக வந்து ஓர் உணவகத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புத் தண்ணீரில் கை வெடித்து, விரலிடுக்கெல்லாம் பிளாஸ்டர். முதல் நாள் லாங்டன் அந்தக் கைகளைத்தான் பார்த்தார். பிறகு அவை விசைகளின் மேல் ஓடும் வேகத்தைப் பார்த்தார்.

குணம் அடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை, வாசித்து வாசித்து அடிப்பார். ஒருநாள் எழும்பி என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, இந்தக் கர்ஃபியூ எண்டுறது பிரெஞ்சில 'நெருப்பை மூடு' எண்டதோ?"

"ஓம். மணி அடிச்ச உடன அடுப்பை மூட வேணும்."

"நாங்களும் உதைத்தானே செய்தனாங்கள்! ஆமி போகுமட்டும் விளக்கை நூத்துப்போட்டு இருட்டுக்குள்ள இருந்தனாங்கள்." சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்கெல்லாம் விசைகளின் சத்தம் வழமையைவிடப் பலமாகக் கேட்டது.

இன்னொரு நாள், எங்கள் ஊரில் அலுவலகத்தைக் கந்தோர் என்கிறோமே, அது டச்சுக்காரர் விட்டுப்போன சொல், அந்த டச்சுச் சொல்லும் ஒரு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, ஆங்கிலக் 'கவுண்டர்' அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொன்னேன். "அப்ப நாங்களும் உந்தப் புத்தகத்துக்குள்ள இருக்கிறம்" என்றார். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோசம்.

இனிப் பொறிக்கு வருகிறேன்.

ஒரு அட்டை லாங்டனின் கையெழுத்திலேயே என்னிடம் வந்தது. பானையின் அடியில் ஒட்டிக் கருகியதைக் குறிக்கும் சமையலறைச் சொல் ஒன்று. அதை இங்கே எழுத மாட்டேன், காரணம் போகப் போகத் தெரியும். அட்டையின் பின்பக்கம் கதை: நோர்மன் பிரபுவின் சமையலறையில் பானை கழுவிய ஆங்கிலேயருக்கு அடிப்பிடித்தது மட்டும்தான் சாப்பாடு, அதற்குப் பிரபு வைத்த பிரெஞ்சுப் பெயர் வேலைக்காரர் வாயில் ஆங்கிலமாகிப் போயிற்று. கதை பேனாவில் எழுதப்பட்டிருந்தது. எனக்கு அங்கேயே உறைத்தது. எங்கே தேடியும் சாட்சி இல்லை. அவருடைய வசனத்தையே நான் பென்சிலால் எழுதினேன்: யார் சொன்னது?

லாங்டன் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "அது இருக்கட்டும்" என்றார். நான் காரணம் கேட்கவில்லை. அகராதித் தொழிலில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். இல்லாத சொல் ஒன்றை உள்ளே வைப்பார்கள். இன்னொருவனுடைய புத்தகத்தில் அது தலைகாட்டினால், அவன் நம்முடையதைப் பார்த்து எழுதினான் என்று பிடித்துவிடலாம். அட்டை குணத்திடம் போனது. அவர் அதை வாசித்து, அடித்து, வைத்தார். அன்றைக்கு அவர் என் மேசைக்கு வரவில்லை.

தொண்ணூறுகள் தொடங்கிச் சில காலம். எங்கள் அகராதி இன்னும் அச்சுக்குப் போகவில்லை. போட்டிப் பதிப்பகம் ஒன்று சொற்களின் கதைகளைச் சொல்லும் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. லாங்டன் அதை என் மேசையில் விரித்து வைத்தார். அடிப்பிடித்த பானை அங்கே இருந்தது, கதையோடு.

"இதைப் பார்த்தவர்கள் மூன்று பேர்" என்றார் லாங்டன். "நான், நீங்கள், உங்கள் ஆள்."

உங்கள் ஆள். இத்தனை வருடத்தில் குணத்தை அவர் அப்படிச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் களவுக்காக நீக்குவேன் என்றார். குணத்தின் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகாமல் கிடந்தது. களவுப் பெயரோடு வேலை போனால் அந்த விண்ணப்பம் என்ன கதியாகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் திருப்பி அனுப்பப்படும் பயத்தோடுதான் கதவைத் திறப்பார்கள்.

அன்று பின்னேரமே லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறிச் செவன் கிங்ஸ் போனேன். வழி நெடுகச் சந்தேகம்தான். குணம் அண்மையில் புது வீடியோ டெக் வாங்கியதாகச் சொன்னாரே, எப்படி வாங்கினார்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக எங்கே போகிறார்? லாங்டனோடு இருந்து இருந்து எனக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது. அதே நேரம் லாங்டனையும் நான் விடவில்லை. தானே எங்காவது வாய்விட்டு உளறிவிட்டு எங்கள் மேல் போடுகிறாரோ என்றும் யோசித்தேன்.

வரவேற்பறையில் புத்தகத்தைக் காட்டி நேரே கேட்டேன். "குணம், எங்கட பக்கங்களை நீர் ஆருக்கும் குடுத்தனீரோ?"

அவருக்கு முகம் கறுத்துப்போனது. "என்னக்கா கேக்கிறியள்? ஒரு கடதாசி வெளியில கொண்டுவந்ததில்லை. பிள்ளையாணை, நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

"ஆருக்கும் வாயால சொன்னனீரோ?"

"உந்த வெள்ளைக்காரரில எனக்கு ஆரைத் தெரியும் சொல்லுறதுக்கு?"

குணத்தின் மனைவி மலர் தேநீரோடு வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்து, பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "அக்கா, போன வருசம் ஆரணி பேச்சுப்போட்டியில முதலாவதா வந்தவ, நீங்கள் பாக்கேல்லைத்தானே?" என்று டெக்கில் கசெட்டைப் போட்டார். அதைப் பார்க்கத்தான் டெக்கே வாங்கினார்களாம். ஆரணி அவர்களுடைய மகள், அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்.

எங்கள் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழா எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேச்சுப்போட்டி இல்லாமல் விழா இல்லை. பேச்சைத் தகப்பன்மார் எழுதுவார்கள், பிள்ளைகள் பாடமாக்கி ஒப்பிப்பார்கள். பிரதம விருந்தினராக ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து, மாலை போட்டு, முன்வரிசையில் உட்கார்த்துவார்கள். அவருக்கும் ஏதாவது விளங்க வேண்டும் என்பதற்காக ஆங்கிலப் பேச்சும் வைப்பார்கள்.

பட்டுப் பாவாடையில் ஆரணி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். கணீரென்ற ஆங்கிலம். நோர்மன் பிரபுவின் சமையலறையைச் சொன்னாள். பானை கழுவிய ஆங்கிலேயரைச் சொன்னாள். அந்தச் சொல்லைச் சொன்னாள். நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பிரபுக்களின் பிரெஞ்சு இந்த நாட்டில் இன்று எங்கே?" என்று கேட்டாள் ஆரணி. "பானை கழுவியவர்களின் மொழியைத்தான் உலகமே படிக்கிறது. என் அப்பாவும் லண்டனில் பானை கழுவினார்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. காணொளியில் குணம் சுவரோரமாக நின்று கண்ணைத் துடைப்பது தெரிந்தது. முன்வரிசையில், கழுத்தில் மாலையோடு, பிரதம விருந்தினர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து விழா அழைப்பிதழின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியராம், அந்தப் பகுதிக்காரர். நான் கைப்பையிலிருந்த புத்தகத்தைத் திருப்பி, பின்னட்டையில் இருந்த நூலாசிரியரின் படத்தைக் குணத்துக்குக் காட்டினேன். அதே நரைத்த தாடி.

குணம் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளையின் பேச்சுக்கு எழுதிக் கொடுப்பதும் 'வெளியில் கொடுப்பது'தான் என்று அவருக்கு அதுவரை தோன்றவேயில்லை. எங்கள் ஆட்களில் யாருக்கும் தோன்றியிருக்காது.

"அக்கா, இதைக் கொண்டுபோய் லாங்டனுக்குக் காட்டுங்கோ. நான் விக்கேல்லை எண்டு தெரியட்டும். பிள்ளை கதைச்சதையும் பாக்கட்டும்."

காட்டினால் கசிவு குணத்தின் வழியாகத்தான் என்பது உறுதியாகிவிடும். காட்டாவிட்டால் களவுப் பழி அப்படியே நிற்கும். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் நம்பாத மனிதருக்கு வேறு வழியும் இல்லை. கசெட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதிப்பகத்தின் விற்பனைப் பகுதியில் ஒரு டெக் இருந்தது. லாங்டன் நின்றபடியே பார்க்கத் தொடங்கினார், சொல் வந்தபோது உட்கார்ந்துவிட்டார். தன் மேசையில் அவர் கட்டிய கதை ஒரு சின்னப் பெண்ணின் வாயிலிருந்து வந்து, ஒரு மண்டபத்தையே எழுப்பி நிறுத்தியது. அவருடைய காது சிவந்தது. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அவளுடைய தகப்பன் உண்மையிலேயே பானை கழுவினாரா?"

"கழுவினார். முதல் நாள் கையைப் பார்த்தீர்களே."

"அப்படியானால் அந்தப் பேச்சில் அது ஒன்றுதான் உண்மை."

"பானை கழுவியவர்களின் மொழி நிலைத்ததும் உண்மைதான்" என்றேன். எனக்குக் கோபம் வந்திருந்தது.

போட்டிப் பதிப்பகத்தின் மேல் வழக்குப் போடும் யோசனையைக் கைவிட்டார். "நீதிமன்றத்தில் போய் என்ன சொல்வது? இது என் பொய், இவர் திருடிவிட்டார் என்றா?" குணம் வேலையில் இருக்கலாம், கந்தோர் விசயம் கந்தோரோடு நிற்க வேண்டும், அந்தச் சொல்லை நம் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். நான் எடுத்தேன். ஆனால் அந்தத் தலைமை ஆசிரியரின் புத்தகம் இன்னும் நூலகங்களில் இருக்கிறது. நானும் எழுதினால் அந்தப் பொய்க்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடும், அதனால்தான் சொல்லை எழுத மாட்டேன் என்றேன்.

திரும்பவும் செவன் கிங்ஸ் போய் நல்ல செய்தியைச் சொன்னேன். மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குணமும் சிரித்தார். பிறகு ஏதோ நினைத்தவராகக் கேட்டார்.

"அக்கா, ஒண்டு விளங்கேல்லை. உந்தப் புத்தகம் எழுதின மனிசன் வேற அகராதியில பாத்தும் எழுதியிருக்கலாம்தானே. எங்கடதிலயிருந்துதான் போனது எண்டு கசெட் பாக்க முதலே லாங்டனுக்கு எப்பிடி அவ்வளவு உறுதியாத் தெரியும்?"

மழுப்பியிருக்கலாம். பொய்க்கு மேல் பொய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. "வேற ஒண்டிலயும் அது இல்லை, குணம். அப்பிடி ஒரு சொல்லே இல்லை. களவைப் பிடிக்கிறதுக்கு லாங்டன் உண்டாக்கி வைச்சது."

"கதை?"

"கதையும்தான்."

மலர் ஆரணியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். குணம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் எனக்கு அடிக்கத் தந்தனீங்கள்." குரலை உயர்த்தவில்லை. "பானை கழுவேக்க ஆக்கள் என்னைப் பாக்கிற பார்வை உங்களுக்குத் தெரியாது அக்கா. உந்தக் கதையை வாசிச்ச அண்டைக்குத்தான் நான் நிமிந்தனான். எனக்கு முதலும் ஆரோ இப்பிடி இருந்திருக்கினம் எண்டு. அதைத்தான் பிள்ளைக்கு எழுதிக் குடுத்தனான்."

தொழில் வழக்கம் என்று சொன்னேன். லாங்டனுக்கே உரிய முடிவு என்றேன். சொன்னதெல்லாம் சரியானதுதான். அந்த அறையில் அது எதுவும் எடுபடவில்லை.

திங்கட்கிழமை அவர் வழமைபோல் வந்தார், கோட்டைக் கழற்றி மாட்டினார், அட்டைகளை எடுத்தார். மத்தியானத்துக்குச் சற்று முன் ஒரு அட்டையோடு என் மேசைக்கு வந்தார். நன்கு சாட்சி உள்ள சொல், நானே நாட்கணக்கில் தேடிச் சரிபார்த்தது.

"அக்கா, இதை வீட்டில சொல்லலாமோ?"

"சொல்லலாம், குணம். இது மெய்."

சாட்சி தேடுகிறவர்போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "சரி, விடுங்கோ" என்று சொல்லி அட்டையோடு போய் உட்கார்ந்தார். அறையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் பாராமல் எழும்பி நின்று, "குணம், அது மெய்யான சொல்" என்று தமிழில் உரக்கச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தார்.